எஞ்சிய முக்காற் கூறு

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே மாணாக்கனுடைய கல்வியை நான்கு கூறாக்கிக் கணக்கிடுகின்றார். ஆசிரியன் சொல்வதைக் குறைவறக் கொண்டானாயினும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. ஒத்த தொழிலினரோடு கூடிப் பயில்வதால் வருவது மற்றொரு காற்கூறு. எஞ்சிய இரண்டும் தான் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வருவன. இந்தக் கணக்கை எம் மாணாக்கர் மனனஞ் செய்து ஒப்புவிப்பர். ஒப்புவித்தவுடன் மறந்தும் விடுவர். ஆசிரியராகிய நாமும் அதை அவர்க்கு நினைவூட்டுவதில்லை. நினைவூட்டினால் நம்முடைய பங்கு நாலில் ஒன்றே என்பது வெளிப்பட்டுவிடுமன்றோ?

கூடிப் பயில்வோரைக் குறிக்குமிடத்துப் பவணந்தியார் ஆளுஞ் சொல் ஊன்றி நோக்கத்தக்கது. உடன் படிக்கும் மாணாக்கர் என்று அவர் சுருக்கிக் கூறவில்லை. அதே வினையிற் பட்டோர் என்று பொருள்படவே கூறுகின்றார். உரைகாரர் அதனை வகுப்பறைக்குள்ளே கொண்டு வந்தது இடம்நோக்கியே. சொல்லின் பரப்போ வகுப்பறைக்கு வெளியேயும் செல்கின்றது. உழவன் உழவனோடும், தச்சன் தச்சனோடும், வைத்தியன் வைத்தியனோடும் கூடிப் பயில்வதும் அச்சொல்லுள் அடங்கும்.

ஈண்டு யான் எடுத்துக்கொள்வது வைத்தியத் துறை. அதிலும் வைத்தியசாலைச் சுவர்களுக்குள் நடப்பதன்று, ஊருக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நடக்கும் பொதுச் சுகாதாரப் பணி. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், நாட்பட்ட சிறுநீரக நோய் முதலியவற்றோடு மல்லுக்கு நிற்கும் உத்தியோகத்தர்கள் தம்முட் கூடிக் கற்கும் குழுக்கள் நமக்கு வேண்டும் என்பதே என் கட்சி. தமிழ்ப் பண்டிதனுக்கு இங்கே என்ன அலுவல் என்று வினவுவோர்க்கு இரண்டு விடை உண்டு. கற்றலுங் கற்பித்தலும் எங்கே நிகழினும் அது ஆசிரியன் வாய்திறக்கத்தக்க இடமே என்பது ஒன்று. ஐம்பது கடந்தோர் யாவர்க்கும் இந்நோய்களோடு அலுவல் உண்டு என்பது மற்றொன்று.

இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பணியின் முதலாவது பிரிவு 1926 ஆம் ஆண்டிற் களுத்துறையில் அமைக்கப்பட்டது. அக்காலத்துப் பகைவர் வேறு. மலேரியா, வாந்திபேதி, அம்மை, கொழுக்கிப் புழு என வந்து தாக்கும் நோய்கள் அவை. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியா இந்நாட்டைச் சூறையாடிய வரலாற்றை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நாட்டையே 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடெனச் சான்று கூறியது. எண்பது ஆண்டுக்குட் பெற்ற பெருவெற்றி அது. அந்தப் போரிலே கட்டளை மேலிருந்து கீழே இறங்கியது. மருந்து தெளி, நீரைக் கொதிக்க வை, ஊசி போடு, மலகூடம் கட்டு என்றால் விளங்கும். விளங்கியபடி செய்யவும் இயலும். அங்கே காற்கூற்றுக் கல்வியே பெரும்பாலும் போதியதாயிருந்தது.

இன்றைய பகைவன் அத்தகையனல்லன். உலகச் சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட கணிப்பின்படி இலங்கையில் நிகழும் மரணங்களுள் நூற்றுக்கு 83 தொற்றா நோய்களால் நிகழ்வன. தொற்றா நோய் வந்து போவதன்று, வந்து தங்குவது. கொலைஞன் போலன்றிக் குடியிருப்பவன் போல் வீட்டிலேயே இருந்துவிடுகின்றது. நோயாளி வைத்தியரைக் காண்பது மாதத்தில் ஒரு நாள், சில நிமிடம். மற்றைய நாளெல்லாம் அவனே தனக்கு வைத்தியன், அவன் மனையாளே மருந்தாளர், அடுக்களையே மருந்தகம். அந்த அடுக்களை வாயில்வரை செல்பவர் யார்? நிபுணரல்லர். குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருமே செல்கின்றனர். கிராமத்து வைத்தியசாலையிற் பணிபுரியும் தாதியரும் அந்த வாயிலை அடுத்து நிற்கின்றனர். 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளிலும், 2011 முதல் அமைக்கப்பட்டுவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களிலும் மக்களை எதிர்கொள்பவரும் இத்தகையோரே.

இவர்கள் அறிந்துள்ளவற்றுட் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. சிலவற்றை எடுத்துக் காட்டுவேன். ஆய்வேட்டிற் கண்டவையல்ல, எங்கள் ஊர்களில் வாழ்வார் யாவரும் அறிந்தவையே.

கிளினிக்குக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் இரண்டு நாளும் கடும் பத்தியம் காப்பது நம்மவர் வழக்கம். வைத்தியரிடம் ஏச்சு வாங்காமற் தப்புவதே நோக்கம். சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இவ்வாறே. விரலிற் குத்திப் பார்க்கும் அன்றைய அளவு இத்தந்திரத்தை வெளிப்படுத்தாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையே வெளிப்படுத்தும். சோற்றைக் குறையுங்கள் என்று சொன்னால் சோற்றைக் குறைத்து அவ்விடத்திலே புட்டையும் இடியப்பத்தையும் நிரப்பிக்கொள்வோர் பலர். அரிசி மாவும் அரிசியே என்பது அவர் அறியாததன்று. சோறு என்ற சொல்லுக்குள் அது அடங்கவில்லை என்பதே அவர் வாதம். சொற்பொருள் ஆராய்ச்சியில் நம்மவரை வெல்ல இயலுமா? சீனியை விலக்கியோர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிக்கின்றனர். பனையிலிருந்து வருவது தீங்கு செய்யாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஐப்பசியிலே கந்தசஷ்டி வந்தால் ஆறு நாளும் உணவை ஒறுப்போர், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கிவிட்டு மயங்கி விழுதலும் உண்டு. மாத்திரையையும் சேர்த்து ஒறுத்துவிட்டு ஏழாம் நாள் வைத்தியசாலைக்கு வருதலும் உண்டு.

இவற்றையெல்லாம் உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் தம்தம் அளவிற் கண்டு, தம்தம் அளவில் ஓர் உபாயமுஞ் செய்துகொள்கின்றனர். ஒருவர் ஐப்பசி பிறக்குமுன்னரே விரதகாரரை விசாரித்து, வைத்தியரிடம் அனுப்பி மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றுவித்துவிடக் கூடும். அடுத்த பிரிவில் இருப்பவர்க்கு அது தோன்றாமற் போகலாம். இருவருக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு மைல். ஆனால் ஒருவரது அறிவு மற்றவரை அடைய வழியில்லை. ஓய்வுபெறும் நாளில் அவ்வறிவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகின்றது. புதிதாக நியமனம் பெற்றவர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகின்றார். ஏட்டுச் சுவடிகள் செல்லரித்தமைக்கு நாம் இன்றும் இரங்குகின்றோம். கண்முன்னே ஆண்டுதோறும் செல்லரித்துப் போகும் இச்சுவடிக்கு இரங்குவார் இலர்.

அயல்நாடொன்றில் இதற்கு வழி கண்டதைச் சிறிது விரிவாகவே கூறுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிக்கோ என்றொரு மாநிலம் உண்டு. பரப்பிற் பெரிது, குடிசனத்திற் சிறிது, வறியோர் பலர். சி வகை ஈரலழற்சி என்னும் நாட்பட்ட நோய் அங்கே பல்லாயிரவரைப் பற்றியிருந்தது. அக்காலத்து மருந்து கடுமையானது. பல மாதம் ஊசியும் மாத்திரையுமாகத் தொடர வேண்டும். உடலையும் மனத்தையும் வருத்தும் பக்க விளைவுகளும் பல. ஆகவே கிராமத்து வைத்தியர்கள் அதைத் தொட அஞ்சினர். அல்புகேர்க்கி நகரிலுள்ள பல்கலைக்கழக வைத்தியசாலையிலோ முறைக்காக எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மைல் பயணஞ் செய்யவும் வேண்டும். காத்திருந்தோருட் சிலர்க்கு ஈரல் காத்திருக்கவில்லை.

அங்கே ஈரல் நோய் நிபுணராயிருந்தவர் சஞ்சீவ் அரோரா. இந்தியாவிற் பயின்று அமெரிக்கா சென்றவர். 2003 ஆம் ஆண்டில் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். கிராமங்களிலும் சிறைச்சாலைகளிலும் பணிபுரியும் வைத்தியர், தாதியர், மருந்தாளர் ஆகியோரை வாரந்தோறும் குறித்த நேரத்திற் காணொளி வழியாக ஒன்றுகூட்டினார். அங்கே நடந்தது விரிவுரை மாத்திரமன்று. கிராமத்து வைத்தியர் ஒருவர் தம் நோயாளி ஒருவரின் நிலையைப் பெயர் குறியாது எடுத்துரைப்பார். எங்கே திகைத்தேன், என்ன செய்தேன், இனி என்ன செய்யலாம் என்று கேட்பார். நகரத்து நிபுணர் தம் கருத்தைச் சொல்வார். அதற்குமேல், வேறொரு கிராமத்து வைத்தியர் தமக்கும் அத்தகைய நோயாளி ஒருவர் வந்ததையும் தாம் கையாண்ட முறையையுஞ் சொல்வார். சிறிது நேரம் பாடமும் உண்டு. அடுத்த வாரம் அதே நோயாளியின் நிலை மீண்டும் விசாரிக்கப்படும். நோய் தங்கியிருப்பது, ஆகவே குழுவும் தங்கியிருந்தது.

பயன் யாது? 2011 இல் வெளிவந்த ஆய்வொன்று 407 நோயாளரை ஒப்புநோக்கியது. பல்கலைக்கழக நிபுணர் கையிற் சிகிச்சை பெற்றோருள் நோய்க்கிருமி நீங்கியோர் நூற்றுக்கு 57.5. கிராமங்கள் பதினாறிலும் சிறைச்சாலைகள் ஐந்திலும் சாதாரண வைத்தியர் கையிற் சிகிச்சை பெற்றோருள் நீங்கியோர் நூற்றுக்கு 58.2. இரண்டும் சமமெனவே கொள்க. கடும் பக்க விளைவுகளோ நிபுணரிடத்தில் 13.7 வீதமும் கிராமத்தில் 6.9 வீதமுமாக இருந்தன. சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையன்று அது. இரு கூட்டத்தாரும் எல்லா வகையிலும் ஒத்தவரென்றுங் கூற இயலாது. ஆயினும் கிராமத்து வைத்தியர் தொடத்தகாத நோய் என்றிருந்த எண்ணம் அன்றோடு ஒழிந்தது. இன்று அந்நோய்க்குச் சில வாரங்களிற் குணப்படுத்தும் மாத்திரைகள் வந்துவிட்டன. முறைமையோ நீரிழிவு, இருதய நோய், தீராத வலி முதலியவற்றுக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது; 2016 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதனை ஆராய்ந்து பரப்புதற்கென ஒரு சட்டமே நிறைவேற்றியது. பரவிய இடமெல்லாம் நோயாளர் பெற்ற பயனை அத்துணைத் திட்பமாக அளந்த ஆய்வுகள் பலவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'எக்கோ'. ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துக்களாற் சமைந்தது. சொல்லின் பொருள் எதிரொலி. பெயரிட்டோர் சற்றுக் கவனித்திருக்கலாம். எதிரொலி நாம் கூவியதையே திருப்பித் தருவது. அங்கே நடந்ததோ நேர்மாறு: கூவியவர் எதிர்பாராத குரல் திரும்பி வந்தது.

அம்மாநிலத்துச் சிறைச்சாலைகளில் நிகழ்ந்த மற்றொன்று என்னை மிகவுங் கவர்ந்தது. 2009 முதல் சிறைக்கைதிகளையே பயிற்றி, ஈரலழற்சி பரவும் வகையையும் தடுக்கும் வகையையும் சக கைதிகளுக்குக் கற்பிக்கும்படி செய்தனர். வெளியிலிருந்து வருபவரின் சொல்லைச் செவிமடாதவர் அறைத்தோழனின் சொல்லைக் கேட்பர்; இது ஒரு பயன். கற்பிப்பதற்காகக் கற்றவன் தானும் திருந்துவான். இது பவணந்தியார் கூறிய எஞ்சிய இரு காற்கூறு.

கூடிக் கற்றல் புதுமையன்று. இலண்டனிலே டாவிஸ்டொக் நிலையத்தில் மைக்கல் பாலின்ற் என்னும் ஹங்கேரிய வைத்தியர் 1950 ஐ அடுத்த ஆண்டுகளிற் குடும்ப வைத்தியர் சிலரை வாரந்தோறும் கூட்டி, தம் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் நோயாளரைப் பற்றிப் பேசும்படி செய்தார். 1957 இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். குறிப்பேட்டைப் பார்த்து வாசிப்பதை அவர் விரும்பவில்லை. மனத்தில் நின்றது எது, நில்லாதது எது என்பதிலேயே விடயம் இருக்கின்றது என்பது அவர் கொள்கை. அவர் பெயராற் குழுக்கள் இன்றும் பல நாடுகளில் நடைபெறுகின்றன.

இனி, எதிர்க்கட்சியார் கூற்றையும் கேட்போம். அறியாதார் பலர் கூடினால் அறிவு பிறக்குமா, அறியாமை பெருகுமா? குருடர் குருடர்க்கு வழிகாட்டிய கதையாகாதா? வினா நேரியது. புறந்தள்ளத் தக்கதன்று. வைத்தியத் துறையினர்க்கு நடத்தப்படும் கல்விக் கூட்டங்களைப் பற்றி 81 சோதனைகளை ஒருங்கு தொகுத்து 2009 இல் கொக்ரேன் அமைப்பினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. விரிவுரை மாத்திரம் நடந்த கூட்டங்களால் தொழில்முறையில் ஏற்பட்ட திருத்தம் நடுத்தரமாக 6.9 வீதம். கலந்துரையாடல் மாத்திரம் நடந்தவற்றால் 3.0 வீதம். இரண்டுங் கலந்து நடந்தவற்றால் 13.6 வீதம். கூட்டிப் பாருங்கள்: தனித்தனியே பெற்ற இரண்டையுங் கூட்டினும் கலந்து பெற்றதற்குக் குறைவே. ஆசிரியன் தருங் காற்கூறு இல்லாமல் இரண்டாங் காற்கூறு வாராது. இரண்டாவது இல்லாமல் முதலாவது நிலைக்காது. எனவே நிபுணரை விலக்குக என்று யான் கூறவில்லை. அவர் குழுவுள் இருத்தல் வேண்டும். ஆனால் மேடையில் அன்று, வட்டத்தில்.

அதே ஆய்வு சிக்கலான பழக்கங்களை மாற்றுவதிற் கூட்டங்களின் பயன் குறைவு என்றுங் கூறுகின்றது. நாட்பட்ட நோய்ப் பணி சிக்கலானதே. ஒரு நாட் கூட்டத்தால் அது திருந்தாது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஒரு நாட் கருத்தரங்கில் மதிய போசனமும் கோப்புறையும் பெற்றுத் திரும்பும் வழக்கத்துக்கு எதிராகவே யான் எழுதுகின்றேன். ஆசிரியர்களாகிய நாமும் அத்தகைய கருத்தரங்குகளுக்குப் போய் வந்தவர்களே. வீட்டில் அடுக்கியுள்ள கோப்புறைகளை எண்ணிப் பார்த்தால் போதும்.

நம் நாட்டுப் பொதுச் சுகாதாரப் பணியாளர் கூடி ஆராய அறியாதவரல்லர். பிள்ளைப் பேற்றின்போதோ அதனை அடுத்தோ ஒரு தாய் இறந்தால், அம்மரணம் தனித்தனியே ஆராயப்படுகின்றது. வீட்டுக்குச் சென்ற குடும்பநல உத்தியோகத்தர் தொடங்கி நிபுணர் வரை கூடியிருந்து, எந்த இடத்தில், எந்த நேரத்தில், எது தவறியது என்று பார்க்கின்றனர். தண்டிப்பதற்காகவன்று, மறுமுறை தவறாதிருப்பதற்காகவே என்பது அதன் நெறி. 1980 களிலிருந்து வேரூன்றிய முறை இது. தாய்மார் மரணம் தெற்காசியாவில் மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்றாக இலங்கை விளங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர் அறிந்தோர்.

அம்முறையை நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அப்படியே எடுத்து வைத்தல் இயலாது. ஏன்? தாயின் மரணத்துக்கு ஒரு நாள் உண்டு. அந்த நாள் எல்லாரையும் எழுப்பிவிடுகின்றது. நீரிழிவால் ஒருவர் கால் இழந்தால் அதற்கு நாள் ஏது? கால் வெட்டப்பட்ட நாளைச் சொல்லலாம். காலிழப்புத் தொடங்கியதோ இருபது ஆண்டுக்கு முன், யாரும் காணாத ஒரு நாளில். அந்த இருபது ஆண்டும் அவர் கிளினிக்குக்குப் போனார், கொப்பியில் எழுதினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாளும் ஒருவரும் தவறு செய்யவில்லை. ஆனாற் கால் போயிற்று. யாரைக் கூட்டுவது? எதை விசாரிப்பது? நாட்பட்ட நோயின் கொடுமை இதுதான்: நம்மைக் கூடச் செய்யும் நாளொன்றை அது தருவதில்லை. நாளை நாமே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

குறிப்பதற்கு இடமும் ஏற்கெனவே உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் மாதந்தோறும் உத்தியோகத்தர் கூட்டம் நடைபெறுகின்றது. அறிக்கைகள் ஒப்படைக்கப்படுகின்றன, எண்கள் சரிபார்க்கப்படுகின்றன, சுற்றறிக்கைகள் வாசிக்கப்படுகின்றன. வேண்டியவையே. ஆனால் எத்தனை பேரைப் பார்த்தீர் என்ற வினாவுக்கு அங்கே இடமுண்டு. பார்த்த ஒருவரை ஏன் மாற்ற முடியவில்லை என்ற வினாவுக்கு இடமில்லை. அக்கூட்டத்திலோ, அதனையொட்டிய வேறொரு நாளிலோ, ஒன்றரை மணி நேரம் ஒதுக்குக. பத்துப் பன்னிருவர்க்கு மேற்படாத குழு. மாதத்துக்கு இருவர் தத்தமக்குத் திகைப்பூட்டிய ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லட்டும். மற்றையோர் வினவட்டும். தொற்றா நோய்க்குப் பொறுப்பான வைத்தியர் ஒருவர் உடனிருந்து வேண்டுமிடத்திற் கால்மணி நேரம் பாடஞ் சொல்லட்டும். அடுத்த மாதம் அந்த இரு வீட்டையும் மறவாது விசாரிக்கட்டும்.

இதற்கு இடையூறு பணமன்று. மூன்று இடையூறுகளை யான் அஞ்சுகின்றேன். முதலாவதைப் பெரிதும் அஞ்சுகின்றேன்.

இடமாற்றஞ் செய்யவும் பதவியுயர்வைத் தடுக்கவும் வல்ல மேலதிகாரி அவ்வட்டத்தில் அமர்ந்திருந்தால் ஒருவரும் வாய் திறவார். திறந்தாலும் தம் வெற்றியையே பேசுவர். ஆறு மாதம் போய்ப் போய் வந்தும் அந்த மனிதர் புகைத்தலை விடவில்லை, நான் சொன்னது எடுபடவில்லை என்று சொல்ல ஒருவர்க்குத் துணிவு வேண்டும். அத்துணிவு ஒருமுறை குறிப்பேட்டில் ஏறி ஆண்டிறுதி மதிப்பீட்டிற் திரும்பி வருமானால், அக்குழு அன்றே இறந்தது. பிறகு கூடுவது பிணத்துக்குச் செய்யுஞ் சடங்கு. ஆகவே குழுவிற் சொல்லப்பட்டது எந்த அறிக்கையிலும் ஏறலாகாது. எண்ணுவோரும் மதிப்பிடுவோரும் வேறொரு நாளிலே, வேறொரு மேசையில், தம் கடமையைச் செய்யட்டும். இதனைச் சிறு விடயமென்று கருதும் நிருவாகியர் குழு அமைப்பதை விட அமைக்காதிருத்தல் நன்று.

இரண்டாவது, நோயாளியின் மறை. பெயரைச் சொல்லாவிட்டாற் போதுமென்பது அமெரிக்கப் பெருநிலத்துக்குப் பொருந்தலாம். எங்கள் ஊரிலே கோயிலடியில் இரண்டு மாடி வீடு, மூத்த மகன் கனடாவில் என்று சொன்னால் பெயர் சொன்னதிலும் தெளிவு. ஊரும் வீடும் உறவும் மாற்றிச் சொல்லும் பயிற்சி வேண்டும். அது புனைகதையாசிரியர் பயிற்சி. இப்பக்கத்தை வாசிப்போர் அதில் உதவி செய்யலாம்.

மூன்றாவது, நேரம். குடும்பநல உத்தியோகத்தரின் பையில் உள்ள பதிவேடுகளின் நிறையை நோக்குவோர் இன்னொரு சுமையை ஏற்ற மனங்கொள்ளார். ஒன்றை ஏற்றுமுன் ஒன்றை இறக்குக. எதை இறக்கலாமென்று அவரையே கேட்டால் நொடியிற் சொல்வார்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க மிசன் வைத்தியராகிய கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியங் கற்பித்தார். நூல்களையுந் தமிழில் ஆக்குவித்தார். அந்த மண்ணிலேயே இன்று கருத்தரங்குகளில் ஆங்கிலப் படங்களைச் சுவரிற் காட்டித் தமிழ் உத்தியோகத்தரைத் தலையசைக்கச் செய்கின்றனர். கூடிக் கற்கும் குழுவில் நோயாளியின் வாய்மொழியே பயில வேண்டும். சீனி வருத்தம், பிறசர், சலரோகம், கை கால் விறைப்பு, நெஞ்சுக்குள்ளே ஒரு மாதிரி என்று அவர் சொன்னவாறே சொல்லப்பட வேண்டும். 'ஒரு மாதிரி' என்பதன் பொருள் எந்த அகராதியிலும் இல்லை. பத்து உத்தியோகத்தர் கூடினால் அதற்குப் பத்துப் பொருள் கிடைக்கும், அவற்றுள் ஒன்று மாரடைப்பாகவும் இருக்கும்.

இலங்கை முழுதுக்குமாக நீரிழிவைக் கணக்கிட்டு 2008 இல் வெளிவந்த பேர்பெற்ற ஆய்வில் வளர்ந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேர்க்கு மேல் நீரிழிவுடையார் எனவும், அவருள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு அந்நோய் உண்டென்பதையே அறியாதிருந்தனர் எனவுங் கண்டனர். ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வு அது. போர்க்காலமாதலின் வடக்கும் கிழக்கும் அதனுட் சேரவில்லை. பிற்காலத்து ஆய்வுகள் வேறு தொகை தருகின்றன. ஆயினும் எங்கள் ஊர்களின் நோய்க்கதை அக்காலத்துக்கு எழுதப்படாத கதையே. அதனை அறிந்தோர் இருவகையினர்: நோயுற்றோரும், அவர் வீட்டுக்குப் போய் வந்தோரும். முன்னவருட் பலர் இன்று இல்லை. பின்னவர் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கின்றனர். அவர்களைக் குழுவுக்கு அழைத்தல் வேண்டும். கௌரவிப்பதற்கு அன்று, கேட்பதற்கு.

இதை வாசிக்கும் தலைமையாசிரியர் சிலர் உண்டென்று நம்புகின்றேன். சுகாதாரப் பணிமனைகளிற் பல இட நெருக்கடி உடையவை. மருந்துப் பெட்டிகளுக்கும் கோப்புக்களுக்கும் நடுவே பன்னிருவர் வட்டமாக அமர இயலாது. எங்கள் பாடசாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் வகுப்பறைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. வாங்கு உண்டு, கரும்பலகை உண்டு, குடிநீர் உண்டு. கேட்டால் திறந்து கொடுக்கலாம். முன்புறத்தில் ஆசிரியருக்கென்று இட்டிருக்கும் மேசையை மாத்திரம் அன்றைக்குச் சுவரோரம் ஒதுக்கிவிடல் நன்று.